கச்சான் காற்று அடித்தால் நெல்லுக்குள் புரதம் அவிந்துபோகுமா?

கேள்வி – 7 ஜூலை 2024, சம்மாந்துறையிலிருந்து ஒரு வாசகர்

"டீச்சர், எங்கட வயல் வட்டையில கதிர் பூக்கிற நேரம் பார்த்துக் கச்சான் தொடங்கியிருக்கு. சூட்டில நெல்லுக்குள்ள இருக்கிற புரதம் முட்டை மாதிரி அவிஞ்சு போகுதாம், அதாலதான் பதர் விழுதாம் எண்டு வாப்பா சொல்றார். அவிச்ச முட்டை திரும்பப் பச்சை முட்டையாகாதே. அப்ப பூத்த பயிருக்கு இனி ஒண்டும் செய்ய ஏலாதா?"

7 ஜூலை, இரவு

வாப்பா சொன்னது பாதி சரி தம்பி.

புரதம் என்பது அமினோ அமிலங்களைக் கோத்த நீண்ட சங்கிலி. தனக்கென்று உள்ள வடிவத்தில் மடிந்தால்தான் அது நொதியமாகவோ வேறொன்றாகவோ வேலை செய்யும். மடிந்திருக்கும்போது தண்ணீரோடு சேராத பகுதிகள் உள்ளே மறைந்திருக்கும். சூடு ஏறினால் மடிப்புத் தளர்ந்து அந்தப் பகுதிகள் வெளியே வருகின்றன. பக்கத்தில் இதே நிலையில் நிற்கும் இன்னொரு புரதத்தோடு ஒட்டிக்கொள்கின்றன. ஒட்ட ஒட்டக் கட்டியாகிறது. முட்டையில் நடப்பதும் இதுதான். ஆனால் முட்டை வெள்ளைக்கரு உறைவதற்கு 60 பாகை அளவு சூடு வேண்டும். மலைப்பக்கமிருந்து சூடான உலர் காற்று வீசும் நம்முடைய கச்சான் நாளில் 37, 38தான். அதோடு முட்டைக்குள் சிக்கெடுக்க ஆளில்லை. உயிருள்ள பயிரின் கலத்துக்குள் அந்த வேலைக்கென்றே ஆட்கள் இருக்கிறார்கள்.

மட்டக்களப்பில் கல்லடிக் கடற்கரைப் பக்கம் விடியற்காலையில் போனால் தோணியால் இறக்கிய வலையைச் சிக்கெடுப்பதைப் பார்க்கலாம். ஒருவர் வலை மேலும் சிக்காமல் அகட்டிப் பிடித்துக்கொண்டிருப்பார். இன்னொருவர் நூல் நூலாக இழுத்து எடுப்பார். எடுக்கவே முடியாத இடத்தை வெட்டி எறிவார்கள். கலத்துக்குள்ளும் இந்த மூன்று வேலையும் உண்டு. சிறிய வெப்ப அதிர்ச்சிப் புரதங்கள் தளர்ந்தவற்றைப் பிடித்து வைக்கின்றன. எச்எஸ்பி 70, எச்எஸ்பி 101 என்ற பெரியவை கலத்தின் எரிபொருளான ஏடிபியைச் செலவழித்துக் கட்டியிலிருந்து சங்கிலியை இழுத்தெடுத்துத் திரும்ப மடிய விடுகின்றன. தேறாதவற்றின் மேல் யுபிகுயிட்டின் என்ற 76 அமினோ அமிலச் சிறு புரதம் அடையாளமாக ஒட்டப்படுகிறது. அந்த அடையாளத்தோடு போகிறவை புரோட்டியசோம் என்ற பீப்பாய்க்குள் விழுந்து நறுக்கப்படுகின்றன. நறுக்கிய துண்டுகள் வீண் போவதில்லை, அமினோ அமிலமாகிப் புதுப் புரதத்துக்குப் போகின்றன.

ஆகவே பூத்த பயிருக்கும் செய்ய ஒன்று இருக்கிறது. வயலில் தண்ணீரை வற்றவிடாதீர்கள். காரணத்தைப் பிறகு எழுதுகிறேன்.

8 ஜூலை

தண்ணீருக்கு முன்னால் ஒரு கதை. 1962இல் இத்தாலியில் ரித்தோசா என்ற ஆய்வாளர் பழ ஈயின் கலங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஆய்வுகூடத்தில் யாரோ வெப்பப் பெட்டியின் சூட்டைத் தெரியாமல் கூட்டிவிட்டார்கள். அன்று பரம்பரையலகுகளைத் தாங்கும் நிறமூர்த்தங்களில் வழக்கத்துக்கு மாறான இடங்கள் ஊதிப் பெருத்திருந்தன. அதாவது அந்த இடத்துப் பரம்பரையலகுகள் விழித்துக்கொண்டு வேலை செய்தன. அவை என்ன புரதத்தைச் செய்கின்றன என்று தெரிய இன்னும் பன்னிரண்டு ஆண்டு ஆனது. ஈயில் கண்டது நெல்லிலும் இருக்கிறது, நம்மிலும் இருக்கிறது.

தாவரத்தில் எனக்கு மிகப் பிடித்த சோதனை 2000ஆம் ஆண்டு வெளிவந்தது. அராபிடொப்சிசு என்ற சின்னக் கடுகுக் குடும்பச் செடியின் நாற்றை நேரே 45 பாகையில் இரண்டு மணி நேரம் வைத்தால் செத்துவிடும். முதலில் 38 பாகையில் ஒன்றரை மணி நேரம் வைத்து, கொஞ்சம் ஆறவிட்டு, பிறகு 45இல் வைத்தால் பிழைக்கும். முதல் சூட்டில் சிக்கெடுக்கும் ஆட்களைச் செய்து வைத்துக்கொள்கிறது. எச்எஸ்பி 101 பழுதான செடிக்கு இந்தப் பழக்கம் வரவே இல்லை, இரண்டு வகையிலும் செத்தது.

இதை வாசித்தபோது எனக்குக் கச்சான்தான் நினைவுக்கு வந்தது. இரண்டு மூன்று நாள் மெல்ல மெல்ல ஏறி அடிக்கிற கச்சானையும், மழை இருட்டு நின்ற அடுத்த நாளே திடீரென்று அடிக்கிற கச்சானையும் மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே உள்ள படுவான்கரைப் பழைய ஆட்கள் ஒன்றாகப் பேசமாட்டார்கள். இரண்டாவதுதான் பொல்லாதது என்பார்கள். நெல்லிலும் இதே காரணம்தான் என்று நான் அடித்துச் சொல்லமாட்டேன். ஆனால் அவர்கள் கவனித்தது வெறும் பேச்சு இல்லை என்று நம்புகிறேன்.

10 ஜூலை

"சூட்டில் முதலில் கெடுவது எந்தப் புரதம்?" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். ஒளித்தொகுப்பைப் பொறுத்தவரை தெளிவான பதில் உண்டு. இலையில் காபனீரொட்சைட்டைப் பிடிக்கும் நொதியம் றுபிஸ்கோ. அது கெட்டியானது, 50 பாகை வரைக்கும்கூட நிற்கும். ஆனால் றுபிஸ்கோவுக்குள் சில வெல்லங்கள் சிக்கி அது பூட்டிக்கொள்ளும். அந்தப் பூட்டைத் திறக்க றுபிஸ்கோ அக்ரிவேசு என்று இன்னொரு புரதம் இருக்கிறது, அதுதான் மெலிந்தது. கச்சான் நாளின் சூட்டுக்கே தளர்ந்துவிடும். இயந்திரம் நல்லபடி நிற்கும்போது திறப்பு வளைந்துபோனது மாதிரி.

14 ஜூலை

முதல் நாள் நான் எழுதியதில் ஒரு பிழை இருக்கிறது, திருத்துகிறேன். பதர் விழுவதற்குக் காரணம் புரதம் கட்டியாவது மட்டும்தான் என்ற மாதிரி எழுதிவிட்டேன்.

நேற்று மாமாவின் வயலுக்குப் போயிருந்தேன். வவுணதீவுக்கு அப்பால், உன்னிச்சைக் குளத்துத் தண்ணீர் பாயும் வட்டை. பீஜி 94-1 என்ற நெல்லை விதைத்திருக்கிறார். காலை பத்து மணிக்கு வரம்பில் குந்தி ஒரு கதிரைப் பிடித்துப் பார்த்தேன். நெற்பூ ஒன்று ஒரு மணி நேரம் அளவுதான் திறந்திருக்கும். அந்த நேரத்துக்குள் மகரந்தக்கூடு வெடித்து மணிகள் அதே பூவின் குறியில் விழவேண்டும். 35 பாகைக்கு மேல் போனால் கூடு ஒழுங்காக வெடிப்பதில்லை. வெடித்தாலும் குறியில் விழும் மணிகள் குறைவு. விழுந்ததும் முளைக்காமல் போகலாம். ஆகப் பதர் என்பது பெரும்பாலும் கருக்கட்டாத பூ. உள்ளே ஒன்றும் அவியவில்லை, உள்ளே ஒன்றும் தொடங்கவே இல்லை.

புரதக் கதை இதற்குள் எங்கே வருகிறது என்றால், மகரந்தம் உருவாகும் குடலைப் பருவத்தில். மகரந்தக்கூட்டின் உட்சுவர்க் கலங்கள் மிக வேகமாகப் புரதம் செய்கிற காலம் அது. வேகமாகச் செய்கிற இடத்தில் மடியாமல் நிற்பதும் அதிகம். அப்போது சூடு வந்தால் சிக்கெடுக்கும் ஆட்கள் போதாமல் போகிறார்கள். ஆகவே கச்சான் பூக்கும் கிழமையில் அடித்தாலும் சேதம், பூக்க முன் கிழமையில் அடித்தாலும் சேதம், ஆனால் இரண்டும் வேறு வேறு சேதம்.

இதை மாமாவுக்கு விளக்கினேன். "நெல்லுக்குக் காய்ச்சல் எண்டு சொல்லு புள்ள, வாய்க்காலுக்குள்ள பனடோல் கரைச்சு விடுவம்" என்றார். வாடியில் இருந்த எல்லாரும் சிரித்தோம். அவர் சொன்ன காய்ச்சல் நல்ல உவமைதான், நமக்குக் காய்ச்சல் வரும்போதும் இதே குடும்பத்துப் புரதங்கள் கூடுகின்றன.

15 ஜூலை

தண்ணீர் பற்றிச் சொல்வதாக இருந்தேன். கச்சான் சூடானது மட்டும் இல்லை, மலை ஏறி மழையைக் கொட்டிவிட்டு இறங்கி வருவதால் உலர்ந்ததும்கூட. உலர்ந்த காற்றில் கதிரும் இலையும் வேகமாக ஆவியுயிர்ப்புச் செய்து தங்களைக் குளிர்த்திக்கொள்ளும். வேருக்குத் தண்ணீர் இருக்கும்வரை கதிரின் சூடு காற்றின் சூட்டைவிடக் குறைவாகவே இருக்கும். அதனால்தான் ஒரே வெப்பநிலையில் ஈரக் காற்றைவிட உலர் காற்றில் பதர் குறைவு. இது எனக்கே முதலில் தலைகீழாகத் தெரிந்தது. மாமாவின் வயலிலும், தண்ணீர் வற்றிய பக்கத்து வயலிலும் பயிருக்குள் கையை விட்டுப் பார்த்தேன். கைக்கே வித்தியாசம் தெரிந்தது.

தண்ணீர் இல்லாத வயலுக்கு அதே உலர் காற்று எமன்.

23 ஜூலை

ஆபிரிக்க நெல் பற்றி எழுதாமல் இந்த இழை நிறைவாகாது.

நாம் விதைப்பது ஆசிய நெல். மேற்கு ஆபிரிக்காவில் நைகர் ஆற்றுப் பக்கம் மக்கள் தனியாகப் பழக்கி எடுத்த இன்னொரு நெல்லினம் உண்டு. 2015இல் சீன ஆய்வாளர்கள் இரண்டையும் கலந்து, சூட்டைத் தாங்குவது எந்தப் பரம்பரையலகால் என்று தேடிப் போனார்கள். கிடைத்ததற்கு டீடீ 1 என்று பெயர். அது புதிதாக எதையும் செய்யும் பரம்பரையலகாக இருக்கவில்லை. புரோட்டியசோம் பீப்பாயின் ஒரு துண்டைச் செய்வது. பீப்பாயில் நான்கு வளையங்கள், வளையத்துக்கு ஏழு துண்டுகள். வெளி வளையத்தில் உள்ள ஒரு துண்டு ஆபிரிக்க நெல்லில் கொஞ்சம் வேறு மாதிரி இருக்கிறது. அதனால் சூட்டில் கெட்ட புரதங்களை அது வேகமாக நறுக்கித் தள்ளுகிறது, கலத்துக்குள் குப்பை சேர்வதில்லை.

வந்தாறுமூலையில் விவசாய பீடத்தில் படித்த காலத்தில், தாங்கும் பயிர் என்றால் எதையாவது கூடுதலாகச் செய்யும் பயிர் என்றுதான் மனதில் பதிந்திருந்தது. கூட வேர், கூட மெழுகு, கூட வெல்லம். இந்தக் கட்டுரையை வாசித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. ஒரு பயிர் கெட்டதை வேகமாகக் கழிப்பதாலேயே பிழைக்கிறது என்பதை நான் அதுவரை நினைத்துப் பார்த்ததில்லை.

2022இல் அதே குழு டீடீ 3 என்று இன்னொன்றைக் கண்டது. இதில் இரண்டு பரம்பரையலகுகள் சேர்ந்து வேலை செய்கின்றன. ஒன்றின் புரதம் கல மென்சவ்வில் நிற்கிறது. சூடு வந்ததும் உள்ளே நகர்ந்து, பச்சையவுருமணிக்கு (ஒளித்தொகுப்பு நடக்கும் பச்சை உறுப்பு) போகவேண்டிய இன்னொரு புரதத்தை வழியிலேயே பிடித்து அடையாளம் ஒட்டி, கலத்துக்குள் உள்ள பெரிய நீர்ப்பையான புன்வெற்றிடத்துக்கு அனுப்பிக் கரைத்துவிடுகிறது. அந்த இரண்டாவது புரதம் சூட்டு நேரத்தில் பச்சையவுருமணிக்குள் கூடினால் அங்குள்ள மென்சவ்வுகள் கெடும். வாசலிலேயே தடுக்கிறது.

24 ஜூலை

நேற்று எழுதியதை வாசித்து ஒரு அக்கா கேட்டார்: "அப்படியானால் எப்போதும் வேகமாக நறுக்கினால் நல்லதுதானே?" இல்லை அக்கா. ஒரு புரதத்தைச் செய்யவும் செலவு, சிக்கெடுக்கவும் செலவு, நறுக்கவும் செலவு. பயிர் உயிரோடு நிற்பதற்காக மட்டும் செய்யும் சுவாசத்தில் பெரும் பங்கு புரதத்தைப் புதுப்பிப்பதற்கே போகிறது. இரவுச் சூடு ஏறினால் இந்தச் செலவும் ஏறும், பகலில் சேர்த்த மாப்பொருள் அதில் கரையும். பிலிப்பைன்சில் அனைத்துலக நெல் ஆராய்ச்சி நிலையத்தின் வயலில் பல ஆண்டுக் கணக்கைப் பார்த்தபோது, வறட்சிப் போகத்தில் இரவின் குறைந்த வெப்பநிலை ஒரு பாகை கூடும்போது விளைச்சல் பத்து வீதம் அளவு குறைந்ததாக 2004இல் எழுதினார்கள். கச்சான் பகலில் அடிப்பதைத்தான் நாம் பேசுகிறோம். இரவு புழுங்குவதைக் கணக்கில் எடுப்பதில்லை.

11 ஓகஸ்ட்

மாமா வெட்டிவிட்டார். பதர் இருக்கிறது, ஆனால் பயந்த அளவு இல்லை. பக்கத்து வயல்காரர் தூற்றிய இடத்தில் காற்று பாதியைக் கொண்டுபோனது. பார்க்க மனம் கேட்கவில்லை.

சம்மாந்துறைத் தம்பி, உங்கள் வயல் எப்படி? எழுதுங்கள்.

2 செப்டெம்பர்

விதைநெல் பற்றிப் பேச்சு திரும்பியிருக்கிறது. இதுவும் புரதக் கதைதான்.

போன மாரிப்போகத்துக்கு நெல்லை ஊறப்போட்டுச் சாக்கில் முளை கட்டியபோது எங்கள் வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். இரண்டாம் நாள் சாக்கைப் பிரித்தால் ஓரத்து நெல் எல்லாம் வெள்ளை முளையோடு அழகாக இருந்தது. நடுவில் கையை விட்டேன், சுட்டது. புளித்த மணம். நடு நெல் முளைக்கவே இல்லை. முளைக்கும் விதை சுவாசிக்கும், சுவாசம் சூடாகும், சாக்கின் நடுவில் சூடு வெளியே போக வழியில்லை. சாக்கைப் புரட்டித் தண்ணீர் தெளிக்கும் வேலை அன்று என்னுடையது. செய்யாமல் விட்டேன். மாமா ஒன்றும் சொல்லவில்லை, அதுதான் இன்றைக்கும் வருத்தம்.

உலர்ந்த விதைக்குள்ளும் சிறிய வெப்ப அதிர்ச்சிப் புரதங்கள் நிறைந்திருக்கின்றன. அவற்றைத் தாய்ப்பயிர் சூடில்லாமலேயே விதை முற்றும்போது செய்து வைக்கிறது. தண்ணீரை இழந்து காயும்போது புரதங்கள் ஒட்டிக்கொள்ளாமல் பிடித்து வைக்க அவை வேண்டும். நாளாக நாளாக விதைக்குள் சில அமினோ அமிலங்கள் கோணலாகிவிடும். அந்தக் கோணலை நிமிர்த்தும் பழுது பார்க்கும் நொதியமும் விதைக்குள்ளேயே இருக்கிறது.

சீனாவின் வடகிழக்கில் காய்ந்துபோன ஏரி ஒன்றின் அடியிலிருந்து எடுத்த தாமரை விதை ஒன்று முளைத்தது. அதன் வயது ஏறத்தாழ 1,300 ஆண்டு என்று கணித்தார்கள், 1995இல் வெளியான செய்தி. அந்தப் பழுது பார்க்கும் நொதியம் அவ்வளவு பழைய தாமரை விதையிலும் வேலை செய்யும் நிலையில் இருந்தது. இங்கே குளங்களில் தாமரைக்காய் பறித்துத் தின்று வளர்ந்த பிள்ளைகள் நாம். அதன் ஓடு எவ்வளவு கடினம் என்று பல்லுக்குத் தெரியும்.

19 ஒக்டோபர்

மாரிப்போக விதைப்பு. எழுத நேரமில்லை. எறிந்த யூரியா பயிருக்குள் என்ன ஆகிறது என்ற கேள்விக்கு மட்டும் சின்னப் பதில்.

நெல் இலையில் உள்ள நைதரசனில் கால்வாசிக்கு மேல் றுபிஸ்கோ என்ற ஒரே புரதத்தில் இருக்கிறது. கதிர் பால் பிடிக்கும்போது கீழ் இலை மஞ்சளாவது நோய் இல்லை. பச்சையவுருமணியிலிருந்து றுபிஸ்கோ சின்னப் பைகளாகக் கிள்ளப்பட்டு, புன்வெற்றிடத்தில் கரைந்து, அமினோ அமிலமாகக் கதிருக்குப் போகிறது. நீங்கள் எறிந்த யூரியா முதலில் இலையில் றுபிஸ்கோவாக நின்று உழைத்துவிட்டு, பிறகு சோற்றில் புரதமாக வருகிறது.

அதே றுபிஸ்கோவைக் கட்டுவது லேசான வேலை இல்லை. 1980இல் இங்கிலாந்தில் எல்லிசும் அவருடைய மாணவரும் பட்டாணி இலையின் பச்சையவுருமணியில், புதிதாகச் செய்த றுபிஸ்கோத் துண்டுகளை ஒரு பெரிய புரதம் பிடித்துக்கொண்டே இருப்பதைக் கண்டார்கள். புரதத்தை மடிய உதவும் கூட்டாளிப் புரதங்கள் பற்றிய அறிவுக்கு வழி திறந்தவற்றில் அது ஒன்று. தாவர றுபிஸ்கோவை பற்றீரியாவுக்குள் முழுதாகக் கட்டி எடுக்க 2017 வரை ஆனது. அதன் கூட்டாளிகள் எல்லாரையும் சேர்த்துப் போட்டபோதுதான் முடிந்தது.

2 டிசம்பர்

எல்லாருக்கும் தெரியும் என்ன நடந்தது என்று. நவம்பர் கடைசிக் கிழமை மழை. படுவான்கரைப் பாதைகள் தண்ணீருக்குள். மாமாவின் வயல் தெரியவில்லை, வாவி எது வட்டை எது என்று பிரிக்க முடியவில்லை. ஆறு கிழமைப் பயிர். ஃபோனில் மாமா இரண்டு வார்த்தைதான் பேசினார்.

4 டிசம்பர்

மனம் வேறு எதிலும் நிற்கவில்லை, அதனால் எழுதுகிறேன். மூழ்கிய பயிர் தான் மூழ்கியிருப்பதை எப்படி அறிகிறது?

பயிரின் கலத்தில் ஒரு சிறு குழுப் புரதங்கள் எந்த நாளும் செய்யப்படுகின்றன, செய்த கையோடு அழிக்கப்படுகின்றன. அவற்றின் முனையில் சிசுட்டீன் என்ற அமினோ அமிலம் இருக்கிறது. ஒட்சிசன் இருந்தால் அந்த முனை ஒட்சியேற்றப்படும். அது அடையாளமாகி யுபிகுயிட்டின் ஒட்டி நறுக்கப்படும். வெள்ளம் மூடி ஒட்சிசன் குறைந்தால் அந்த முனை மாறாது, அழிப்பும் நிற்கும். அழியாமல் தப்பிய புரதம் கலத்தின் கருவுக்குள் போய், காற்றில்லாமல் பிழைக்க வேண்டிய பரம்பரையலகுகளை எழுப்பும். 2011இல் இரண்டு குழுக்கள் ஒரே நேரத்தில் இதைச் சொன்னார்கள்.

வீண் செலவு போலத் தெரியும், செய்து செய்து அழிப்பது. ஆனால் வெள்ளம் வந்த பிறகு செய்யத் தொடங்கினால் நேரமில்லை. ஜூலையில் நான் அழிப்பைக் குப்பை கழிப்பதாக மட்டும் எழுதினேன். இங்கே அழிப்பே காவல்காரன். அவன் கை நின்றால் வெள்ளம் என்று அர்த்தம்.

ஒடிசாவின் எஃப்ஆர் 13ஏ என்ற பழைய நெல் இரண்டு கிழமை மூழ்கினாலும் பிழைக்கும். அதற்குக் காரணமான சப் 1ஏ என்ற பரம்பரையலகை 2006இல் கண்டுபிடித்தார்கள். அதுவும் இதே குடும்பத்துப் புரதத்தைத்தான் செய்கிறது. இந்தியாவில் சுவர்ணா நெல்லுக்குள் அதைச் சேர்த்து விதைக்கிறார்கள்.

5 டிசம்பர்

திருத்தம். நேற்று எழுதியதை வாசித்தால் சப் 1ஏயும் ஒட்சிசன் இருந்தால் அழிக்கப்படும் என்று தோன்றும். அப்படி இல்லை. குடும்பம் ஒன்று, ஆனால் சப் 1ஏ அந்த அழிப்பிலிருந்து தப்பிக்கொள்ளும் வகை. அது செய்யும் வேலை, தண்ணீருக்கு மேலே வர அவசரப்பட்டு நீளும் பயிரைத் தடுத்து நிறுத்துவது. நீளாமல் வெல்லத்தைச் சேமித்து வைத்துக்கொள்ளும் பயிர், தண்ணீர் வடிந்ததும் புது இலை விடும்.

18 டிசம்பர்

தண்ணீர் வடிந்து பார்த்தோம். பள்ளக் காணி முழுதும் போய்விட்டது, சேறும் நாற்றமும். மேட்டுப் பக்கம் பழைய இலைகள் அழுகித் தரையோடு ஒட்டியிருந்தன. மாமா ஒரு பயிரைப் பிடுங்கி நீட்டினார். அழுகிய இலையை விரலால் உரித்தேன். நடுக்குருத்து பச்சை.

9 ஜனவரி 2025

மேட்டுப் பக்கம் புதுக் கிளை விட்டிருக்கிறது. பிந்தித்தான் கதிர் வரும், எவ்வளவு என்று இப்போது சொல்ல முடியாது. சம்மாந்துறைத் தம்பியும் தங்கள் வட்டையில் பாதி பிழைத்ததாக எழுதியிருக்கிறார், வாப்பாவுக்கு என் சலாம் சொல்லுங்கள்.

ஒரு உதவி. வெள்ளம் தாங்கும் நெல் என்று நெல் ஆராய்ச்சிக்காரர்கள் குறித்து வைத்தவற்றில் இலங்கை நெல்களும் இருக்கின்றன. அதில் ஒன்றின் பெயர் குறுக்கறுப்பன் என்று தமிழ்ப் பெயர் மாதிரியே கேட்கிறது. அந்தப் பெயரில், அல்லது அதற்குக் கிட்டிய பெயரில், யாருடைய வீட்டிலாவது பழைய விதை இருந்தால் ஒரு கொத்து தாருங்கள். வீட்டுப் பின்பக்கத்தில் இரண்டு பரல் (பெரிய பீப்பாய்) வைத்திருக்கிறேன். ஒன்றில் பீஜி 94-1, மற்றதில் அதை விதைத்து, இரண்டையும் ஒன்றாக மூழ்கவைத்துப் பார்க்கவேண்டும். முளை கட்டும்போது சாக்கை நானே நாலு மணித்தியாலத்துக்கு ஒருதரம் புரட்டுவேன்.